என்றும் உங்கள் நினைவில் அன்னாள்

அமலராணியை அமலராணி என்று கூப்பிடுகிறவர்கள் வர வரக் குறைந்துபோனார்கள். வீட்டில் கணவர் பொன்னுத்துரை, கோயிலில் பங்குச் சாமியார், ரேஷன் கடையில் கார்டைப் பார்த்துப் பெயர் படிக்கிறவர். அவ்வளவுதான். மற்ற எல்லோருக்கும் அவள் அன்னாள். அன்னாள் என்பது அவளுடைய அக்காவின் பெயர். அக்கா செத்து ஐந்து வருடம் ஆகியிருந்தது.

அன்னாள் மதுரைக்குப் போய் அழகுக்கலை படித்துவிட்டு வந்து, திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்தபோது தொண்ணூறுகளின் தொடக்கம். பியூட்டி பார்லர் என்றால் சினிமாக்காரிகள் போகிற இடம் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்த காலம். "மூஞ்சியில மாவு பூசுறதுக்கு ஒரு கடையாடி?" என்று சித்தையன்கோட்டையில் இருந்த அம்மா கேட்டாள். "நீ தோசைக்குப் பூசுற, நான் பொண்ணுக்குப் பூசுறேன், போ" என்றாள் அன்னாள். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வருடத்துக்கு இத்தனை பெண்களை மணவறைக்கு அனுப்புகிறவளுக்கு அந்த ஆசை தீர்ந்துவிட்டது என்று சிரித்துக்கொண்டே சொல்வாள்.

அவள் கைக்கு ஒரு பெயர் வந்தது. கறுத்த பெண்ணை வெளுக்கவைக்க மாட்டாள். "வெள்ளையடிக்க இது என்ன சுவரா?" என்று மாப்பிள்ளை வீட்டாரையே கேட்டுவிடுவாள். கண்ணுக்கு மை தீட்டுவதற்கு முன்னால் பெண்ணைப் பார்த்து, "அழுகுறதுன்னா இப்பவே அழுது முடிச்சிரு தாயி. மை போட்டதுக்கு அப்புறம் அழுதா உனக்கும் நட்டம், எனக்கும் நட்டம்" என்பாள். அதைக் கேட்டதும் சில பெண்கள் சிரித்துவிடுவார்கள். சிலர் நிஜமாகவே அழுது முடிப்பார்கள். எத்தனை வருடம் ஆனாலும் அந்தப் பெண்களுக்கு அது மறப்பதில்லை. ரெட்டியார்சத்திரத்தில் ஒருத்தி சொல்லி அடுத்த தெருவில் ஒருத்தி, அவள் சொல்லிப் பழனியில் ஒருத்தி என்று அன்னாளின் பெயர் பஸ் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. அமலராணி கூடவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். ஜடை பின்னுவதும், புடவைக்குக் கொசுவம் வைப்பதும் அவள் வேலை. முகம் அக்காவின் வேலை.

அறையில் ஆள் உயரத்துக்கு மரச்சட்டம் போட்ட ஒரு கண்ணாடி இருந்தது. பெண்ணுக்கு எந்தப் பொட்டு எடுப்பாக இருக்கும் என்று அன்னாள் முதலில் தன் நெற்றியில் ஒட்டிப் பார்ப்பாள். பிறகு அதை எடுத்துக் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டிவிட்டு, அதே மாதிரி புதிதாக ஒன்றைப் பெண்ணுக்கு வைப்பாள். சிவப்பு, மெரூன், பச்சை, கல் வைத்தது, பாம்பு போல வளைந்தது என்று கண்ணாடியைச் சுற்றிலும் பொட்டுகள். துடைக்கும்போது அமலராணி அவற்றைச் சுற்றித்தான் துடைக்க வேண்டும்.

இரண்டாயிரத்து நாலில் வைகாசி முகூர்த்தங்கள் வரிசை கட்டி நின்ற நேரத்தில் அன்னாளுக்கு மஞ்சள் காமாலை கண்டது. வேலை முடியட்டும், வேலை முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தாள். கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அவள் கண்ணில் மஞ்சளைத் தவிர வேறு நிறம் இல்லை.

அடக்கம் முடிந்து, கடையைத் திறந்து சாமான்களை ஒதுங்கவைக்கலாம் என்று அமலராணி போன அன்று போன் அடித்தது.

"அன்னாள் அக்காவா? ஞாயித்துக்கிழமை எனக்குக் கல்யாணம்க்கா. ஞாபகம் இருக்குல்ல? மறந்துராதீங்க."

குரலில் அப்படி ஒரு குதூகலம். கல்யாணத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிற பெண்ணிடம், உனக்கு மை வைக்க வேண்டியவள் செத்துவிட்டாள் என்று எப்படிச் சொல்வது? சகுனம் என்று ஒன்று இருக்கிறது. அமலராணிக்கும் அக்காவுக்கும் ஒரே குரல், ஒரே முகச்சாயல். அக்கா கொஞ்சம் உயரம், அவ்வளவுதான்.

"ஆமா, சொல்லுங்க" என்றாள்.

அது பொய் மாதிரியே இல்லை. அடுத்த போனுக்கும் அதையே சொன்னாள். அதற்கு அடுத்ததற்கும். நான்தான் அன்னாள் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. கேட்டால் ஆமா, சொல்லுங்க. பக்கத்துக் கடைக்காரர்களுக்கு விஷயம் தெரியும். போர்டில் அக்கா பெயர் இருப்பது அவர்களுக்கு வித்தியாசமாகப் படவில்லை, அதைப் பற்றி யாரும் பேசவும் இல்லை. போன் செய்கிறவர்கள் எல்லாம் வெளியூர். முகத்தை அவளே போடப் பழகிக்கொண்டாள். "அழுகுறதுன்னா இப்பவே" என்பதையும் சேர்த்துத்தான் பழகினாள். முதல் தடவை சொன்னபோது தன் வாயில் அக்கா பேசுவது கேட்டு மைக்குச்சியைக் கீழே வைத்துவிட்டாள்.

முதலில் அன்னாளின் படத்தை மாலை போட்டு, சின்ன பல்பு எரியவிட்டு, கடைச் சுவரில்தான் மாட்டியிருந்தாள். ஒரு கல்யாணப் பெண்ணின் தாய் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "பொண்ணை உக்காரவைக்கிற எடத்துல செத்தவங்க படமா?" என்று முகத்தைச் சுளித்தாள். அன்றே படத்தைக் கழற்றி, கடைத் துண்டு ஒன்றில் சுற்றி, அலமாரிக்குள் முகம் உள்பக்கம் பார்க்கும்படி சாத்தி வைத்தாள் அமலராணி. தூசு படக் கூடாது என்று தனக்குத் தானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டாள். அதற்குப் பிறகு அலமாரியின் அந்தக் கதவைத் திறப்பதில்லை. சீப்பு, பவுடர் எல்லாம் வேறு தட்டுக்கு மாறின.

கண்ணாடியில் இருந்த பொட்டுகளை மட்டும் எடுக்கவில்லை. மேல் வரிசையில் ஒரு மெரூன் பொட்டு. கண்ணாடி முன்னால் நின்றால் அவள் நெற்றிக்கு அரை விரல் மேலே, தலைமுடியில் போய் உட்காரும். அக்காவுக்கு அது சரியாக நெற்றியில் உட்கார்ந்திருக்கும். மேலே யாரோ நின்று எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கும். கூட்டம் இருக்கிற நாளில் தெரியாது. மழை நாளில், ஆள் வராத மத்தியானத்தில் தெரியும்.

"வீட்டுல அமலா, கடையில அன்னாளு. நான் யாரு கூடத்தான்டி குடும்பம் நடத்துறேன்?" என்று பொன்னுத்துரை கேட்பார். லாரி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர். கேலியாகத்தான் கேட்பார். அவள் சோற்றையும் பொரியலையும் போட்டுவிட்டு, "வெஞ்சனம் யாரு வச்சான்னு பார்த்துத் தெரிஞ்சுக்கங்க" என்பாள்.

கீழ்த்தளத்தில் மதியழகன் பிரவுசிங் சென்டர் போட்டது இரண்டாயிரத்து ஆறில். வாய் ஓயாத ஆள். அன்னாளைப் பார்த்ததில்லை. மாடிக்காரியை முதல் நாளிலிருந்தே அன்னாள் அக்கா என்றுதான் கூப்பிட்டான்.

"இப்பல்லாம் பொண்ணுங்க ஆர்குட்ல பார்த்துட்டுத்தான்க்கா முடிவு பண்ணுதுக. நெட்ல நம்ம பேரு இல்லைன்னா நாம ஊர்லயே இல்லைன்னு அர்த்தம். நான் போட்டுத் தாரேன். நல்ல போட்டோ ஒண்ணு மட்டும் குடுங்க."

நல்ல போட்டோ ஒன்று இருந்தது. ரெட்டியார்சத்திரத்தில் மகளிர் குழுக்கள் சேர்ந்து நடத்திய விழாவில் அமலராணியை அன்னாள் என்று மேடைக்குக் கூப்பிட்டு, சந்தன மாலை போட்டு, சால்வை போர்த்தியபோது எடுத்தது. மதியழகன் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினான். மாலை போட்ட தலைவி, கை தட்டிய உறுப்பினர்கள், மைக் எல்லோரையும் வெட்டி எறிந்தான். முகமும் மாலையும் மட்டும் மிஞ்சின. பின்னால் நீல வானமும் வெள்ளை மேகமும் வைத்தான். "ரிச்சா இருக்கும்க்கா." கேமராவில் விழுந்த தேதி ஆரஞ்சு நிறத்தில் கீழே மூலையில் அப்படியே இருந்தது. அதை எடுக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. "விளம்பரம்னா மனசுல நிக்கணும்ல?" என்று சொல்லி, படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் அடித்தான்: என்றும் உங்கள் நினைவில் அன்னாள்.

"எப்படி இருக்கு?"

அமலராணிக்கு எங்கேயோ பார்த்த படம் மாதிரி இருக்கிறதே என்று தோன்றியது. எங்கே என்று தோன்றவில்லை. மேகத்துக்கு முன்னால், மாலையோடு, அவள் அச்சு அசலாக அக்கா போலவே இருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "நல்லாத்தான்ப்பா இருக்கு" என்றாள்.

பொங்கலுக்குப் பிறகு போன்கள் மாறின.

"அன்னாள் அக்காவா?"

"ஆமா, சொல்லுங்க."

டக்கென்று வைத்துவிடுவார்கள். லைன் கோளாறு என்று நினைத்தாள். மறுபடியும் அதே மாதிரி. ஒரு பெண், "யாருங்க இது விளையாடுறது? அவங்கதான் தவறிட்டாங்கல்ல?" என்று கேட்டாள். ஐந்து வருடமாக யாரும் சொல்லாததை அந்தக் குரல் சொல்லிவிட்டு வைத்துவிட்டது. அவள் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடியில் அவளும், தலைமுடியில் அந்த மெரூன் பொட்டும்.

தை மாத முகூர்த்தங்களில் ஒன்று நின்றது, இன்னொன்று நின்றது. ரெட்டியார்சத்திரத்தில் பெருமாயி வீட்டுக் கல்யாணம் பெரிய வேலை. பெண், நாத்தனார்கள், சித்திமார் என்று ஒரு பட்டாளத்துக்கே அலங்காரம். அதையும் விட்டால் கடையை மூட வேண்டியதுதான். நேரில் போய் நின்றால் ஆள் இருப்பது தெரிந்துவிடுமே என்று பஸ் ஏறினாள்.

பெருமாயி களத்தில் வெங்காயம் உலர்த்திக்கொண்டிருந்தாள். அமலராணியைப் பார்த்ததும் கையில் இருந்த சுளகு சாய்ந்தது.

"ஆத்தாடி. நீ..."

"நான்தாங்க. நல்லாத்தான் இருக்கேன். தொட்டுப் பாருங்க."

பெருமாயி தொடவில்லை. "எங்க பய கம்ப்யூட்டர்ல காமிச்சானே தாயி. மாலை, மேகம், செத்த தேதி, நினைவில்னு எழுத்து, எல்லாம் போட்டிருந்துச்சே? நான்கூட உச்சுக் கொட்டுனேன்."

அப்போதுதான் அமலராணிக்கு அந்தப் படத்தை எங்கே பார்த்தோம் என்று பிடிபட்டது. ஊரில் உள்ள அத்தனை சுவர்களிலும், பால் பூத்திலும், டிரான்ஸ்பார்மர் கம்பத்திலும் பார்த்திருக்கிறாள். கண்ணீர் அஞ்சலி. நடுவில் அவள் முகம்.

"அது விழாவுல போட்ட மாலைங்க. தப்பா ஆயிப்போச்சு."

"இருக்கட்டும் தாயி. நீ நல்லா இரு, நூறு வருசம் இரு. ஆனா செத்துட்டான்னு ஒரு பேச்சு வந்திருச்சுல்ல? நாளைக்கு எம்மகளுக்கு ஒண்ணுன்னா ஊரு என்ன சொல்லும்? பேய் கையால பொட்டு வச்சுக்கிட்டான்னு சொல்லும். மனசுல வச்சுக்காத. செத்த இரு, மோர் கொண்டாரேன்."

மோரைக் குடித்துவிட்டு வந்தாள். நேராக மதியழகனிடம் போனாள். அவன் படத்தைத் திறந்து பார்த்து, தலையில் அடித்துக்கொண்டான்.

"ஐயையோ! ஆமாக்கா! நாலு மாசமா இதைப் பார்த்துக்கிட்டே இருக்கேன், என் மரமண்டைக்கு உறைக்கலையே! இருங்க, இப்பவே தூக்கிர்றேன்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "கீழ எம்புட்டுப் பேரு எழுதியிருக்காக, பாருங்களேன்."

அமலராணி உட்கார்ந்தாள். அவன் ஒவ்வொன்றாக நகர்த்தினான். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருந்தார்கள். அவன் வாசித்துச் சொன்னான். அக்கா, நீங்கள் சிரிக்க வைத்ததால்தான் அன்றைக்கு மேடை ஏறினேன். அக்கா, மாப்பிள்ளை வீட்டில் நிறத்தைச் சொன்னபோது எனக்காகச் சண்டை போட்டீர்கள். அழுது முடிச்சிரு தாயி என்றீர்கள், இப்போது அழுகிறேன். ஷார்ஜாவிலிருந்து குர்ஷித் பேகம் என்று ஒரு பெண் எல்லோரையும் விட நீளமாக எழுதியிருந்தாள். சண்டை போட்டது, சிரிக்க வைத்தது எல்லாம் அன்னாள் இருந்த வருடங்களில் நடந்தவை. அக்கா சாவுக்கு வந்தவர்களை விட இங்கே எழுதியவர்கள் அதிகம். இவர்கள் யாருக்கும் அந்தச் சாவு தெரியாமல் பார்த்துக்கொண்டது அமலராணிதானே.

"பேரை மீட்டுரலாம்க்கா, கவலைப்படாதீங்க. மாலை இல்லாத படம் ஒண்ணு போட்டு, 'அன்னாள் நலமாக உயிருடன் இருக்கிறேன்'னு பெருசா அடிச்சிர்றேன். ஒரே வாரத்துல எல்லாம் சரியாயிரும். அடிக்கவா?"

அவன் விரல்கள் கீபோர்டின் மேல் காத்திருந்தன. ஆமா, சொல்லுங்க என்று ஐந்து வருடம் சொன்னவளுக்கு, ஆமா, அடி என்று சொல்ல வாய் வரவில்லை. போனில் சொன்னது காற்றோடு போயிற்று. இது எழுத்து. எல்லோரும் வந்து படிப்பார்கள்.

"படத்தை எடுத்துரு. எழுதுறத நாளைக்குச் சொல்றேன்."

"நாளாக நாளாகப் பேரு கெடும்க்கா."

"தெரியும்ப்பா."

மறுநாள் கடையில் அவள் தனியாக இருந்தபோது படியில் காலடி கேட்டது. பர்தா போட்ட ஒரு பெண் மூச்சு வாங்க ஏறி வந்தாள். உள்ளே பார்த்தாள். கத்திவிட்டாள்.

"அன்னாள் அக்கா!"

ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "யா அல்லா! ஷார்ஜால உக்காந்துக்கிட்டு நான் எம்புட்டு அழுதேன் தெரியுமா? லீவுல வந்திருக்கேன், கடை இருந்த எடத்தையாவது பார்த்துட்டுப் போவோம்னு வந்தேன். குர்ஷித்க்கா! பேகம்பூர் குர்ஷித்! தொண்ணூத்தெட்டுல கல்யாணம். உங்களைக் கொன்ன பாவி யாருக்கா?"

"ஒரு படம்தாம்மா" என்றாள் அமலராணி. அந்த வருடம் அவள் தலைப்பிரசவத்துக்குச் சித்தையன்கோட்டையில் இருந்தாள். இந்தப் பெண்ணைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். ஒரு பெண்ணுக்கு நிம்மதி. அது போதாதா?

குர்ஷித் கண்ணைத் துடைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்றாள். முகம் மலர்ந்துவிட்டது.

"எல்லாம் அப்படியே இருக்கே! சரி, என்னுது எது? சொல்லுங்க பாப்போம்."

"எதும்மா?"

"என் பொட்டுக்கா! நாங்க பொட்டு வைக்க மாட்டோம்ல. நீங்கதான, 'உனக்கு நெத்தியில வேணாம், உன் பங்குக்குக் கண்ணாடி வச்சுக்கட்டும்'னு சொல்லி ஒண்ணு ஒட்டுனீங்க? எடம் உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியணும்னு சொன்னீங்களே. மறந்துட்டீங்களா?"

அமலராணி கண்ணாடியைப் பார்த்தாள். தினமும் துடைக்கிற கண்ணாடி. அத்தனை பொட்டுகளும் அவளைப் பார்த்தன. பச்சைக் கல் பொட்டு ஒன்றின் மேல் விரலை வைத்தாள்.

குர்ஷித் கண்ணாடி வழியாகவே அவள் முகத்தைப் பார்த்தாள். உயரத்தைப் பார்த்தாள். சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது.

"நீங்க யாரு?"

கீழே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அமலா. அவளுக்கு அடுத்தவ."

"அக்கா எங்க?"

"செத்துட்டா. அஞ்சு வருசமாச்சு." அந்த அறையில் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு சுவர் இடியவில்லை, கண்ணாடி உடையவில்லை.

கல்யாணப் பெண்களை உட்கார வைக்கிற நாற்காலியில் குர்ஷித் உட்கார்ந்தாள். கோபப்படுவாள் என்று அமலராணி காத்திருந்தாள்.

"அப்ப நான் தப்பா அழுகல" என்றாள் குர்ஷித். "சரியாத்தான் அழுதிருக்கேன்."

பிறகு குனிந்து, கண்ணாடிச் சட்டத்தின் அடிப்பக்கம், கை நுழைகிற இடுக்கில் விரலை விட்டுத் தடவினாள். "இந்தா இருக்கு." அமலராணியும் தரையில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தாள். கடுகு அளவில் ஒரு கறுப்புப் பொட்டு. அவள் துணி அங்கே போனதே இல்லை.

"அவங்க படம் இல்லையா?" என்று குர்ஷித் கேட்டாள்.

அமலராணி எழுந்து அலமாரியின் அந்தக் கதவை இழுத்தாள். இறுகிப் போயிருந்தது, காலால் முட்டுக் கொடுத்து இழுக்க வேண்டியிருந்தது. துண்டைப் பிரித்தபோது பழைய மாலை பொடிப்பொடியாகத் தரையில் உதிர்ந்தது. இரண்டு பேரும் சேர்ந்து துடைத்தார்கள். பழைய ஆணியிலேயே மாட்டினார்கள். மாலை மட்டும் போடவில்லை.

சாயங்காலம் மதியழகன் மேலே வந்து சுவரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடியும் சுவரைப் பார்த்தான். அமலராணி விஷயத்தைச் சொன்னாள்.

"அப்ப நான் மூணு வருசமா அக்கா அக்கான்னு கூப்பிட்டதெல்லாம்..."

"தங்கச்சியத்தான்."

"வெளிய சொன்னா இருக்கிற ஒண்ணு ரெண்டு வேலையும் போயிருமேக்கா."

"போனாப் போகட்டும். இந்தப் படத்தைப் போடு. நீ அடிச்ச வாசகம் அப்படியே இருக்கட்டும், அதுல தப்பு இல்ல. அதுக்குக் கீழ, 'நடத்துபவர் தங்கை அமலராணி'ன்னு அடி."

மாசியில் வேலை இல்லை. பொன்னுத்துரை ஒன்றும் கேட்கவில்லை. அமலா என்று மட்டும் கொஞ்சம் சத்தமாகவே கூப்பிட்டார். பங்குனியில் ஒரு பெண்ணும் அவள் தாயும் வந்தார்கள். தாய் சுவரில் இருந்த படத்தைப் பார்த்ததும், பிறகு வருகிறோம் என்று இறங்கிப் போய்விட்டாள். அமலராணி கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள். பொட்டுகளைச் சுற்றி, சட்டத்துக்கு அடியிலும். மெரூன் பொட்டு அதே இடத்தில்தான் இருந்தது, அவள் நெற்றிக்கு அரை விரல் மேலே. அவள் அண்ணாந்து பார்க்கவில்லை.

போன் அடித்தது.

"அன்னாள் அக்காவா?" சின்னப் பெண்ணின் குரல். பின்னால் ஆடுகள் கத்துவது கேட்டது. "சித்திரையில கல்யாணம்க்கா."

அமலராணி துணியைக் கீழே வைத்தாள்.

"அன்னாள் தங்கச்சி பேசுறேன்மா. அக்கா இல்ல, தவறிட்டா. அவகிட்ட வேலை பழகுனவ நான். என் பேரு அமலராணி."

அந்தப் பக்கம் ஆடுகளின் சத்தம் மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பெண் போனை வைக்கவில்லை. அமலராணி காத்திருந்தாள்.